பாதாளத்தில் பாதை தேடுவோர்

கிணறு வெட்டுவது எங்கள் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் யாருக்கும் புதிதன்று. கடப்பாரை, மண்வெட்டி, பாண்டுச்சட்டி, வடக்கயிறு இவற்றோடு நாலு பேர் கீழே இறங்குவார்கள். மேலே நாலு பேர் நின்று மண்ணை இழுத்துக் கொட்டுவார்கள். மண் தீர்ந்து பாறை தட்டினால் வேட்டு வைப்பார்கள். ஊற்றுக்கண் திறக்கும்வரை வேலை ஓயாது. அந்த உழைப்பின் பயன் நம் எல்லோருக்கும் தெரியும். நிலம் விளையும், வீட்டுக் குடம் நிறையும்.

உலகின் வேறு சில பகுதிகளில், ஏறத்தாழ இதே கருவிகளோடு பூமிக்குள் இறங்கித் தோண்டும் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். அவர்கள் தண்ணீருக்காகத் தோண்டுவதில்லை, பொன்னுக்காகவும் தோண்டுவதில்லை. கூலி கொடுப்பாரும் இல்லை. கைக்காசைச் செலவழித்து, விடுமுறை நாள்களில், இருட்டிலும் சேற்றிலும் படுத்துக்கொண்டு தோண்டுகிறார்கள். பாதியில் அடைபட்டுப்போன குகைக்கு அப்பால் வழி இருக்கிறதா என்று காண்பதே அவர்கள் விருப்பம். வாரக்கணக்கில் அன்று, சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் தோண்டுகிறார்கள். இவர்களுக்கு வேறு வேலை இல்லையா, இதனால் யாருக்கு என்ன நன்மை என்று நம்மில் பலர் கேட்கக்கூடும். நியாயமான அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குகை உண்டாவது எப்படி?

குகை என்றதும் நம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் மனிதர் குடைந்த குகையே. பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயிலை வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். அது உளியின் வேலை. நாம் இங்கே பேசப்போவது தண்ணீர் குடைந்த குகைகளைப் பற்றி.

மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக மண்ணிலிருந்தும் கரியமிலவாயுவைக் கரைத்துக்கொள்கிறது. அதனால் அது மிக மெல்லிய அமிலமாகிறது. நம் ஆய்வகத்தில் சலவைக்கல் துண்டின்மேல் அமிலத்தை ஊற்றினால் நுரை பொங்கிக் கல் கரைவதைப் பார்த்திருக்கிறோம். சுண்ணாம்புக்கல் மலையில் அதே வேலையை மழைநீர் நுரையின்றி, ஓசையின்றி, ஆயிரமாயிரம் ஆண்டுகளாகச் செய்கிறது. கல்லில் உள்ள மயிரிழை வெடிப்பில் நுழைந்து அதைத் துளையாக்குகிறது. துளை குழாயாகிறது, குழாய் மண்டபமாகிறது. நாளடைவில் மலைக்குள்ளே ஓர் ஆறே ஓடத் தொடங்குகிறது. கரைந்த சுண்ணாம்பு சொட்டுச்சொட்டாக மீண்டும் படிந்து, கூரையில் கல்விழுதாகவும் தரையில் கல்முளையாகவும் வளர்கிறது. ஒரு விரல் நீளம் வளரப் பல நூறு ஆண்டுகள்கூட ஆகலாம்.

அப்படியானால் நம் கல்வராயன் மலையில் ஏன் இத்தகைய குகைகள் இல்லை? மழைக்கும் அங்கே குறைவில்லை. மேகம் அருவியும் பெரியார் அருவியும் கோமுகி ஆறும் அதற்குச் சாட்சி. காரணம் கல்லின் குணம். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அதன் பாறை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடுங்கல். பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்தில், இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னே உருவான கல் அது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, 1893-ஆம் ஆண்டில் ஹாலண்டு என்னும் புவியியலார் அதற்கு அப்பெயரை இட்டார். சென்னைப் பரங்கிமலையும் பல்லாவரமும் அதே கல்லால் ஆனவை. இந்தக் கல் மழைநீரில் சுண்ணாம்பைப்போலக் கரையாது. ஆகவே நம் மலையில் பாறை இடுக்குகளும், உருண்ட பாறைகளுக்கு நடுவே பொந்துகளும் உண்டு; மைல்கணக்கில் நீளும் குகைகள் இல்லை. தண்ணீர் கல்லின் வெடிப்புகளில் மட்டுமே தங்குகிறது. கிணறு வெட்டுவோர் தேடும் ஊற்றுக்கண் அந்த வெடிப்புத்தான்.

மூச்சு விடும் குகை

குகை வழிகள் அடைபடுவது இயல்பு. வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து நிரப்பிவிடும். கூரை சரிந்து பாறைகள் குவிந்துவிடும். சில இடங்களில் சுண்ணாம்பே படிந்து சுவராகிவிடும். உள்ளே போகிறவர் ஓர் இடத்தில் நின்றுவிட வேண்டியதுதான். ஆனால் அது குகையின் முடிவா, இடையில் விழுந்த அடைப்பா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்வது காற்று.

குகைக்குள்ளே ஆண்டு முழுவதும் வெப்பநிலை ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். வெளியே குளிர்காலம் என்றால், உள்ளே இருக்கும் வெதுவெதுப்பான காற்று இலேசாகி மேல்வாசல் வழியே வெளியேறும். வெளியே கோடை என்றால், உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று கனத்துக் கீழ்வாசல் வழியே வெளியே வரும். வாசல் ஒன்றே ஆனாலும் காற்று சும்மா இராது. வெளியே காற்றழுத்தம் குறைந்தால் குகை மூச்சை வெளியே விடும். அழுத்தம் கூடினால் உள்ளே இழுக்கும். உள்ளே இருக்கும் இடம் எவ்வளவு பெரிதோ, அந்த மூச்சும் அவ்வளவு பெரிதாக இருக்கும். ஆகவே மண்ணும் கல்லும் அடைத்த இடத்தில் ஊதுவத்திப் புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால், அப்பால் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள். கிணறு வெட்டுவோருக்கு ஊற்றுக்கண் எப்படியோ, இவர்களுக்குக் காற்றுக்கண் அப்படி.

தோண்டும் முறை

காற்றுக்கண் தெரிந்ததும் வேலை தொடங்கும். நிற்க இடம் இராது. உட்காரவும் இடம் இராது. ஒருவர் மட்டும் குப்புறப் படுத்துக்கொண்டு சிறு கரண்டியாலும் குட்டைக் கடப்பாரையாலும் கிளறுவார். கிளறிய மண்ணை வாளியிலோ, கயிறு கட்டிய தட்டிலோ நிரப்பினால், பின்னால் இருப்பவர் இழுத்துக்கொள்வார். அவரிடமிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அதற்கடுத்தவர் என்று கைக்குக் கை மாறி, வெளியே அல்லது அகலமான ஓர் இடத்தில் மண் சேரும். செங்குத்தான இடமானால் கப்பி கட்டி இழுப்பார்கள். தளர்ந்த கற்கள் சரியாமல் இரும்புக் குழாய்களால் சாரம் கட்டி முட்டுக்கொடுப்பார்கள்.

இந்த வேலையின் அளவை அறிய நாங்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒருவர் தவழ்ந்து செல்ல 60 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் உள்ள வழி வேண்டும் என்று கொள்வோம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.36 கன மீட்டர் மண் வரும். ஒரு கன மீட்டர் ஈர மண் 1,800 கிலோ என்று வைத்தால், அது ஏறத்தாழ 650 கிலோ. வாளிக்கு 15 கிலோ வீதம் நாற்பத்து மூன்று வாளி! பத்து மீட்டர் போக நானூற்று முப்பது வாளி. அத்தனை வாளியும் ஒவ்வொருவர் கையிலும் மாறிச் செல்ல வேண்டும். முன்னால் தோண்டுபவருக்கே பேர் என்று நினைத்து வாளி தூக்க யாரும் வராவிட்டால் ஓரடியும் நகராது. அதனால் அவர்கள் முறை வைத்து இடம் மாறிக்கொள்கிறார்கள்.

வார நாளில் இவர்கள் ஆசிரியராக, தச்சராக, பொறியாளராக, செவிலியராகத் தத்தம் தொழிலைச் செய்பவர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அமெரிக்காவிலும் இவர்களுக்கெனச் சங்கங்கள் உண்டு. நினைத்த இடத்தில் தோண்டிவிடவும் கூடாது. நிலத்துக்கு உரியவரிடமும் அரசிடமும் அனுமதி பெற வேண்டும். கல்விழுது ஒன்றை உடைத்தால் அதை ஈடுசெய்ய மனித ஆயுள் போதாது. வௌவால்களின் இருப்பிடத்தைக் கலைத்தால் அவை மடியும். தோண்டாமல் விடவேண்டிய இடம் எது என்று அறிவதும் இவர்கள் கற்கும் பாடமே.

தோண்டியதால் திறந்தவை

இவ்வளவு பாடுபட்டு என்ன கண்டார்கள்? இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறோம்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் லெச்சுகீயா என்னும் ஒரு குழி இருந்தது. 1914-ஆம் ஆண்டிலேயே வௌவால் எச்சத்தை உரத்துக்காக எடுக்க அதற்கு உரிமை கோரியிருந்தார்கள். அதற்குள் சிறிது தூரம் போனால் வழி முடிந்துவிடும். பெருமைக்குரியதாக அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் 1950-களில் உள்ளே போனவர்கள் தரையில் குவிந்த கற்குவியலுக்கு அடியிலிருந்து காற்று இரைவதைக் கேட்டார்கள். கொலராடோ மாநிலத்துக் குகை ஆர்வலர்கள் சிலர், தேசியப் பூங்கா அலுவலர்களின் அனுமதி பெற்று 1984-இல் தோண்டத் தொடங்கினார்கள். 1986 மே 26-ஆம் நாள் அடைப்பு திறந்தது. அதற்கப்பால் நிமிர்ந்து நடக்கத்தக்க அகன்ற வழிகள் இருந்தன. இன்றுவரை அளந்த நீளம் 240 கி.மீட்டருக்கு மேல்! கள்ளக்குறிச்சியிலிருந்து சென்னைக்குள்ள தூரத்துக்கு அது ஏறத்தாழ இணையாகும். வெண்பளிங்குபோன்ற படிகங்கள் நிறைந்த அக்குகையை இன்று ஆய்வாளர் தவிர வேறு எவரும் காண அனுமதி இல்லை. மாசுபடாமல் காக்கவே இந்தக் கட்டுப்பாடு.

இரண்டாவது, இங்கிலாந்தின் டெர்பிஷயரில் உள்ள டைட்டன் என்னும் பாதாளக் கிணறு. இதற்கு வழிகாட்டியது காற்று அன்று. ஒரு பழைய ஏடு. ஜேம்ஸ் பிளம்ட்ரி என்பவர் 1793-இல் குகைக்குள் சென்றுவந்து எழுதிவைத்த குறிப்பை டேவ் நிக்சன் என்னும் குகை ஆர்வலர் படித்தார். அதில் சொல்லப்பட்ட இடம் தமக்குத் தெரிந்த எந்த இடத்தோடும் பொருந்தவில்லை என்று கண்டார். அவரும் நண்பர்களும் தேடித் தோண்டி, 1999-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் அதன் அடிக்குச் சென்று சேர்ந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் விளக்கொளி எட்டாத உயரம். அளந்தபோது 141.5 மீட்டர்! தஞ்சைப் பெரிய கோயில் விமானங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அதற்குள் நிறுத்திவிடலாம். நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும் ஏட்டைப் பொறுமையாகப் படிப்பதும் ஒருவகைத் தோண்டுதல்தான் என்பது இதனால் விளங்குகிறது.

பெண்களுக்குத் திறந்த வழி

நம் பள்ளித் தோழியர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புகழ்பெற்ற இரண்டு குகைகளில் ஆண்கள் பலர் திரும்பிவந்த இடத்தைக் கடந்து சென்றவர்கள் பெண்கள்.

வேல்ஸ் நாட்டிலுள்ள டான்-யர்-ஓகோவ் குகையில் 1912-ஆம் ஆண்டில் மோர்கன் சகோதரர்கள் முதன்முதலாக நுழைந்தார்கள். சிறு பரிசலில் உள்ளிருக்கும் ஏரிகளையும் கடந்தார்கள். ஆனால் மேலே செல்ல விடாமல் ஒரு நீண்ட குறுகிய துளை தடுத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1963-இல், தென்வேல்ஸ் குகைச் சங்கத்தைச் சேர்ந்த எய்லீன் டேவிஸ் அத்துளையில் உடலை நெளித்து நுழைந்து மறுபக்கம் சென்றார். அதன் பிறகே அக்குகையின் பெரும்பகுதி உலகுக்குத் தெரியவந்தது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிளின்ட் ரிட்ஜ் குகையும் மாமத் குகையும் தனித்தனியே இருந்தன. இரண்டும் எங்காவது இணைந்திருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் தேடினார்கள். 1972 ஆகஸ்டு 30-ஆம் நாள், மெலிந்த உடல்வாகுடைய பேட்ரிசியா கிரௌதர், யாரும் நுழைய முடியாதிருந்த ஓர் இடுக்கில் நுழைந்தார். அதற்கு அப்பாலிருந்த சுவரில், பழைய மாமத் குகை வழிகாட்டி ஒருவர் பொறித்த பெயரையும் அம்புக்குறியையும் கண்டார்கள். அடுத்த மாதம் 9-ஆம் நாள் அவரும் தோழர்களும் மார்பளவு தண்ணீரில் நடந்து சென்றபோது, எதிரே இரும்புக் கைப்பிடிக் கம்பி ஒன்று மின்னியது. அது மாமத் குகையைப் பார்க்க வருவோருக்காகப் போட்டிருந்த கம்பி! அன்று இரு குகைகளும் ஒன்றாயின. இன்று 680 கி.மீட்டருக்கு மேல் அளக்கப்பட்டு, உலகிலேயே மிக நீண்ட குகையாக அது விளங்குகிறது.

பேட்ரிசியா அம்மையார் உடல் மெலிவால் மட்டும் இதைச் சாதித்துவிடவில்லை. அவர் கணிப்பொறியில் தேர்ந்தவர். குகையின் அளவுகளைக் கணித்து வரைபடமாக்குவதிலும் பங்கு கொண்டவர். குகை ஆர்வலரிடையே ஓர் எழுதாத சட்டம் உண்டு: கண்ட வழியை அளக்காமல் விடக்கூடாது. நாடா, திசைகாட்டி, சரிவுமானி ஆகியவற்றால் ஒவ்வொரு திருப்பத்தையும் அளப்பார்கள். இக்காலத்தில் லேசர் கருவிகளும் உண்டு. 10 மீட்டர் நீளமுள்ள வழி 30 பாகை சரிந்து இறங்கினால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறோம்? சைன் 30 பாகையின் மதிப்பு அரை. ஆகவே 5 மீட்டர். நாம் பத்தாம் வகுப்பில் "இது எதற்கு உதவும்?" என்று அலுத்துக்கொள்ளும் முக்கோணவியல்தான் அவர்களுக்குப் பூமிக்கடியில் கண்.

நம் நாட்டில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமக்கு அண்மையில் உள்ள பெரிய குகை ஆந்திரத்தில், இன்றைய நந்தியால் மாவட்டத்தில் உள்ள பேலம் குகை. வயல்வெளி நடுவே கிணறுபோல் தெரியும் துளைகளே அதன் வாசல். 1884-இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவர் அதைக் குறிப்பிட்டார். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்கால மனிதனின் கருவியைக் கண்டெடுத்தவரும் இவரே. பிறகு ஏறத்தாழ நூறாண்டு அதை நாடுவாரில்லை. 1982-லும் 1983-லும் டேனியல் கெபாவர் என்பவர் தலைமையில் ஜெர்மானியக் குழுவினர் வந்து அளந்தார்கள். நீளம் 3,229 மீட்டர் என்று தெரிந்தது.

ஆனால் அளந்து முடித்த பின்னும் அந்தக் குகையில் அக்கம்பக்கத்துக் குப்பை கொட்டப்பட்டுவந்தது. பிறகு பேலம் ஊர் மக்களும் அரசு அலுவலரும் காவல்துறையினரும் ஒன்றுகூடி அதைச் சீர்செய்ய முனைந்தார்கள். 1999-இல் ஆந்திர சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்று, மண்ணையும் குப்பையையும் அகற்றி, நடைபாதையும் விளக்கும் அமைத்தது. 2002 முதல் மக்கள் ஒன்றரைக் கி.மீ. தூரம் உள்ளே நடந்து பார்க்கிறார்கள். மிக ஆழமான இடத்துக்குப் பாதாள கங்கை என்று பெயர். அங்கே தண்ணீர் சலசலத்து ஓடிப் பாறைக்குள் மறைகிறது. குப்பைக் குழியென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் மனம் திடுக்கிடுகிறது.

வடகிழக்கே மேகாலயாவில் குகைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டுகிறது. காசி மொழியில் குகைக்கு "கிரெம்" என்று பெயர். 1992 முதல் மேகாலய ஆர்வலரும் வெளிநாட்டு ஆர்வலரும் சேர்ந்து, மழையில்லாத மாதங்களில் முகாமிட்டு அவற்றைத் தேடி அளந்து வருகிறார்கள். கிரெம் லியாத் பிரா குகைத்தொகுதி 30 கி.மீட்டருக்கு மேல் நீள்கிறது. 2018-இல் அளக்கப்பட்ட கிரெம் பூரி மணற்கல்லில் அமைந்தது. நீளம் 24 கி.மீட்டருக்கு மேல். 2019-இல் கிரெம் உம் லடாவ் என்னும் குகையில், பார்வையற்ற வெள்ளை மீன்களைக் கண்டார்கள். அவற்றுள் சில ஒரு முழ நீளத்துக்கு நெருங்கியவை. உலகில் குகை மீன்கள் இவ்வளவு பெரிதாக வளர்ந்து அதுவரை யாரும் கண்டதில்லை.

யாருக்கு நன்மை?

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். முதலாவது நன்மை, பழங்கால மழையின் கணக்கு. மேகாலயாவின் சோரா நகருக்கு அருகே உள்ள மாம்லூ குகையிலிருந்து எடுத்த ஒரு கல்முளையை அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். மரத்தின் வளையங்கள்போல அதன் படலங்களில் பழைய மழைக்காலங்கள் பதிவாகியிருந்தன. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை குன்றிப் பெரும் வறட்சி வந்ததை அக்கல் காட்டியது. அதைச் சான்றாகக் கொண்டு, பூமியின் வரலாற்றில் அன்றுமுதல் இன்றுவரையுள்ள காலத்துக்கு 2018-இல் "மேகாலயக் காலம்" என்று பெயரிட்டார்கள். நாம் வாழும் காலத்துக்கே நம் நாட்டுக் குகை பெயர் கொடுத்திருக்கிறது!

இரண்டாவது நன்மை, உயிர் காத்தல். 2018 ஜூன் 23-ஆம் நாள், தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவரும் அவர்களுடைய பயிற்சியாளரும் வெள்ளத்தால் அடைபட்டனர். ஒன்பது நாள் கழித்து அவர்களைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்திலிருந்து சென்ற இருவர். ஒருவர் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர். மற்றவர் கணிப்பொறித் துறையினர். குகைநீரில் மூழ்கிச் செல்வது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. "வேலையற்ற வேலை" என்று பலர் எண்ணியிருக்கக்கூடிய அந்தப் பழக்கம் அன்று பதின்மூன்று உயிர்களுக்கு வழிகாட்டியது. ஜூலை 10-ஆம் நாளுக்குள் அனைவரும் வெளியே வந்தனர். அவர்களுக்காகக் காற்றுக்கலங்களைச் சுமந்து சென்ற சமன் குணன் என்னும் முன்னாள் கடற்படை வீரர் உயிர் துறந்தார் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது நன்மையே எங்களுக்கு மிகப் பெரிதாகப்படுகிறது. அது குடிதண்ணீர் பற்றியது. பிரெஞ்சு நாட்டில் எதுவார் மார்தெல் என்றொரு வழக்கறிஞர் இருந்தார். குகைகளை ஆராய்வதில் பேரார்வம் கொண்டவர். 1891-இல் ஓர் ஊற்றுத் தண்ணீரைக் குடித்து அவர் நோயுற்றார். ஊற்றோ கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. காரணம் தேடியபோது, மேலே இருந்த பாதாளக் குழியில் யாரோ எறிந்த இறந்த கன்றுக்குட்டி அழுகிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அக்குழியின் தண்ணீர் குகை வழியே ஓடி ஊற்றில் வெளிவந்திருக்கிறது. மண்ணில் ஊறி வரும் தண்ணீர் வடிகட்டப்படுகிறது. குகை வழியாக ஓடிவரும் தண்ணீருக்கு வடிகட்டி இல்லை. மார்தெல் இதை ஊரறியச் சொன்னார். 1902-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில், இத்தகைய குழிகளில் பிணங்களையும் கழிவுகளையும் எறியக்கூடாது என்று விதி செய்தார்கள். பூமிக்கடியில் எந்த வழி எங்கே போகிறது என்று ஒருவர் தேடிச் சென்றதால் பல ஊர்களின் குடிநீர் காப்பாற்றப்பட்டது.

எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு எந்தத் தங்கையும் பொந்துக்குள் தலையை நுழைத்துவிடக் கூடாது! பழகிய குகை ஆர்வலர்கூடத் தனியே இறங்குவதில்லை. தலைக்கவசமும், ஒன்று அணைந்தால் ஒன்று என்று மூன்று விளக்குகளும் கொண்டு செல்வர். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் செல்வர். மழை அறிகுறி இருந்தால் அன்று பயணம் இல்லை.

நம் ஊர்களில் அதிகக் கவனம் தேவைப்படுவது பாழுங்கிணறுகளிலும் கழிவுநீர்த் தொட்டிகளிலும்தான். தூர் வார இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும், அவருக்குப் பின் போனவரும் அடுத்தடுத்து இறந்த செய்திகளைப் பத்திரிகைகளில் படிக்கிறோம். காரணம் கண்ணுக்குத் தெரியாத காற்று. கரியமிலவாயு நாம் சுவாசிக்கும் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, அடியில் தங்கிவிடும். அழுகிய பொருள்களிலிருந்து எழும் நச்சுவாயுவோ சில மூச்சுகளிலேயே ஆளை வீழ்த்தும். எரியும் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். பிராணவாயு குறைந்தால் விளக்கு அணையும் என்பது உண்மை. ஆனால் எல்லா நச்சு வாயுவையும் விளக்கு காட்டாது. எரிவாயு இருந்தால் தீப்பற்றவும் கூடும். ஆகவே அதை நம்பி இறங்குதல் தகாது. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், பின்னாலேயே இறங்காமல் உடனே தீயணைப்பு நிலையத்தை அழைப்பதே அவரைக் காக்கும் வழி. பெற்றோர் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்ல வேண்டுகிறோம்.

நம் காலடியில்

கல்வராயன் மலையில் பேலம்போன்ற குகை இல்லை என்று முன்னே சொன்னோம். அதனால் மார்தெலின் பாடம் நமக்கு வேண்டாம் என்று எண்ணலாகாது. நம் கடுங்கல்லில் உள்ள வெடிப்புகளும் சிறு வழிகளே. ஒரு கிணற்றில் திறந்த ஊற்றுக்கண் அடுத்த காட்டுக் கிணற்றோடு தொடர்பு கொண்டிருக்கலாம். ஒருவர் ஆழ்துளைக் கிணறு போட்டால் பக்கத்துக் கிணறு வற்றுவதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தண்ணீர் வற்றுவதற்கு வழி இருக்கிறதென்றால், அழுக்கு பரவுவதற்கும் வழி இருக்கிறது. ஆயினும் பயன்படாத கிணறு என்றால் நமக்குக் குப்பைத் தொட்டியாகத் தெரிகிறது. பிளாஸ்டிக் பை, மருந்துப் புட்டி, செத்த கோழி என்று எல்லாம் அதற்குள் போகின்றன. கண்ணுக்கு மறைந்தால் போதும் என்று நினைக்கிறோம். மறைந்தது எங்கே போகிறது என்று நினைப்பதில்லை.

குகை தோண்டுவோர் ஆண்டுக்கணக்கில் வாளி வாளியாக மண் சுமந்து அறிந்துகொள்வது இதைத்தான்: பூமிக்கடியில் எந்த இடமும் தனித்த இடமன்று, ஒன்று மற்றொன்றோடு வழியால் இணைந்திருக்கிறது. அந்த உண்மையை நாம் மண் சுமக்காமலே பெற்றிருக்கிறோம். தோழியரே, இந்த விடுமுறையில் உங்கள் தெருவிலும் வயற்காட்டிலும் எத்தனை பழைய கிணறுகள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். யார் வெட்டியது, எத்தனை அடி, எப்போது வற்றியது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவையுங்கள். உள்ளே எட்டிப் பார்க்க வேண்டாம். குப்பை கொட்டுவோரைப் பார்த்தால் பணிவோடு தடுத்துச் சொல்லுங்கள். ஊராட்சியாரிடம் சொல்லி மேலே கம்பிவலை போடச் செய்யுங்கள். 1793-இல் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பாதாளத்தைத் திறந்தது. நாம் எழுதிவைக்கும் கிணற்றுக் கணக்கு பின்னால் வரும் தங்கையருக்கு ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தந்தால், அதுவே நமக்குப் போதும்.